முப்பது கவுண்ட்

அன்றைக்கு இருந்தவர்கள்.

ஷமீம். தண்டையார்பேட்டை. முதல் வரிசை, கண்ணாடிக்கு நேர் எதிரே. அந்த இடத்தில் வேறு யாராவது நின்றுவிட்டால் அன்று முழுக்க அவளுக்குக் கால் வராது.

லில்லி. ராயபுரம். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சொந்தத் துண்டு, சொந்தத் தண்ணீர், சொந்த அபிப்பிராயம், மூன்றையும் பையில் போட்டு எடுத்து வருவாள்.

ஓரகத்திகள் இரண்டு பேர், பெரியவள் சின்னவள். திருவொற்றியூர். ஒரே வீடு, ஒரே அடுப்படி, இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பலகைதான் வேண்டும். ஒருத்தி எத்தனை முறை ஏறுகிறாள் என்று இன்னொருத்தி பார்க்க வேண்டுமே.

கன்னியம்மா. காசிமேடு. கடைசி வரிசை, கதவோரம்.

ஜிம் முதலாளி. கீழே கல்லாவில். மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

நான். மேடையில், காதில் மைக்கோடு.

பட்டியல் எதற்கு என்றால், பின்னால் யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நான் உட்பட.

ஸ்டெப் வகுப்பு, அதாவது பாட்டுக்குப் பலகையில் ஏறி இறங்குகிற வகுப்பு, எடுக்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து அப்படித்தான் இருக்கும். எந்தக் காலை முதலில் வைப்பது, எந்தப் பாட்டைப் போடுவது என்பதெல்லாம் இதில் இல்லை. அதற்குத்தான் நீங்கள் சர்டிபிகேட் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

என்னிடம் சர்டிபிகேட் கிடையாது. அந்த ஜிம்முக்கு நான் கூட்டிப் பெருக்க வந்தவள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டயர் கடைக்கு மேலே முதல் மாடி, கீழே கடைக்குப் பக்கத்தில் படியோரம் கல்லா. வகுப்பு முடிந்ததும் பலகைகளைத் துடைத்து அடுக்குவது என் வேலை. சீக்கிரம் வந்துவிட்டால் ஓரமாக நின்று பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது. வகுப்பு எடுத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி வெளியூர் போனாள். முதலாளி வேறு ஆள் தேடினார். கேட்ட சம்பளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "உனக்குத்தான் எல்லா ஸ்டெப்பும் தெரியுமே" என்றார். அவ்வளவுதான் என் படிப்பு, அவ்வளவுதான் என் பட்டமளிப்பு விழா.

போவதற்கு முன் அந்தப் பெண் ஒரு வாரம் எனக்குப் பழக்கிவிட்டாள். என்னை விடப் பதினான்கு வயது சின்னவள். எப்போதும் வாயில் சூயிங்கம். அவள் சொன்னதில் பாதி சூயிங்கத்தோடு போய்விட்டது. ஒன்று மட்டும் நினைவில் நின்றது. நாடி பார்க்கும் விஷயம்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் எல்லோரும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து நொடி எண்ண வேண்டும். எண்ணியதை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நாம் நோட்டில் பெயருக்கு நேராக எழுதிக்கொள்ள வேண்டும். நாலால் பெருக்கினால் ஒரு நிமிஷத்துக் கணக்கு. நாலாம் வாய்ப்பாட்டை நான் அங்கேதான் முழுதாகப் படித்தேன்.

அவள் சொன்னது இது. "நம்பர் சொல்றப்ப உங்க மூஞ்சில ஒண்ணும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா அடுத்த நாள்லேர்ந்து உங்க மூஞ்சிக்குத்தான் நம்பர் சொல்லுவாங்க, நாடிக்கு இல்ல."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்த முதல் நாள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களைப் பார்த்து நின்றுகொண்டு "வலது கால்" என்று சொல்லி என் வலது காலை வைத்தேன். பாதிப் பேர் என் வாயைக் கேட்டார்கள், பாதிப் பேர் என் காலைப் பார்த்தார்கள். நடுவில் மோதிக்கொண்டார்கள். அன்றே ஒன்று தெரிந்துகொண்டேன். எதிரே நிற்கிறவர்கள் நாம் சொல்வதை மட்டும் செய்வதில்லை, நாம் காட்டுவதைத்தான் செய்கிறார்கள். தெரிந்துகொண்டதைக் காலோடு நிறுத்திவிட்டேன். முகத்துக்கும் அதுதான் விதி என்று தெரிந்துகொள்ள ஏழு வருஷம் ஆனது.

ஏழு வருஷத்தில் எனக்கு ஒரு பெயர் வந்திருந்தது. நக்கல் மிஸ். யாருக்காவது கால் தப்பினால் மைக்கில் ஒரு வார்த்தை விடுவேன். வகுப்பே சிரிக்கும். மாட்டியவளும் சிரிப்பாள். முதலாளிக்குச் சந்தோஷம், ஆட்கள் அதற்காகவே வருகிறார்கள் என்பார். நானும் நம்பினேன். திறமை என்று நினைத்தேன்.

கன்னியம்மா வந்து சேர்ந்தாள். நாற்பத்தாறு வயது. நல்ல உடம்பு. எறா கம்பெனியில் வேலை, இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. எறாவைக் கையால் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. அதில் எல்லாமே எண்ணிக்கைதான். ஒரு கிலோவுக்கு முப்பது நின்றால் முப்பது கவுண்ட், பெரிய எறா, நல்ல விலை. நாற்பதைத் தாண்டினால் பொடி எறா, விலை இறங்கும். கன்னியம்மா தராசைப் பார்க்க மாட்டாளாம். கையில் அள்ளினால் கவுண்ட்டைச் சொல்லிவிடுவாளாம். இருபது வருஷமாக எண்ணுகிற கை.

"எதுக்குச் சேர்ற? ஒடம்பு கொறைக்கவா?" என்று கேட்டேன்.

"படி ஏர்றதுக்கு மிஸ்ஸு."

"இன்னா படி?"

"கவுர்மெண்டுல வூடு குடுத்துகீறாங்க. கட்டடத்துல நாலாவது மாடி. லிப்டு பேருக்குத்தான் கீது. ஏர்றதுக்குள்ள உசுரு போயி வருது. எம் மாமியாரு இன்னா சொல்லுது, உன்னால ஏற முடியலன்னா வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு இங்கியே கெடப்போம்னுது. எம் பேர்ல வந்த வூடு மிஸ்ஸு. எம் பேரு இதுவரிக்கும் ரேஷன் கார்டுல கூட மொதல்ல வந்ததில்ல. இங்க பலகைல ஏறி எறங்கறத சொல்லித் தர்றாங்கன்னாங்க. அதான்."

எல்லோரும் உடம்பு குறைக்க வருவார்கள். படி ஏறக் கற்றுக்கொள்ள வந்தவள் இவள் ஒருத்தி. 'ஸ்டெப் வகுப்பு' என்று போட்ட எங்கள் விளம்பரப் பலகையை எழுத்துக்கு எழுத்து நம்பியவளும் இவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள். நாடி எண்ணும் நேரம். ஷமீம் இருபத்தெட்டு என்றாள். லில்லி இருபத்தேழு. எல்லோரும் இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள். குறைவாகச் சொன்னால் நல்ல இதயம் என்று அவர்களாக ஒரு பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன ஓரகத்தி எப்போதும் பெரியவள் சொல்லும் வரை காத்திருந்து ஒன்று குறைத்துச் சொல்வாள். எனக்கு அது தெரியும். வேடிக்கையாக இருந்தது, விட்டுவிட்டேன்.

"கன்னியம்மா?"

"நாப்பத்தஞ்சு மிஸ்ஸு."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. நாற்பத்தைந்தை நாலால் பெருக்க எனக்குத் தெரியும். நான் பெருக்கவில்லை. மைக்கில் சொன்னேன். "கன்னியம்மா, இது எறா கவுண்ட் இல்ல, நாடி. நாப்பத்தஞ்சுன்னா பொடி எறாவாச்சே, யார் வாங்குவா."

நல்ல சிரிப்பு. ஷமீம் பலகையில் தட்டிச் சிரித்தாள். கன்னியம்மாவும் சிரித்தாள். "தப்பா எண்ணிட்டம்போல" என்றாள். நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. புதிதாக வந்தவள், எண்ணத் தெரியவில்லை என்று விட்டேன்.

அந்த ஹாலில் எண்ணிச் சம்பளம் வாங்குகிற ஆள் அவள் ஒருத்திதான். எண்ணத் தெரியாதவள் என்று நான் தேர்ந்தெடுத்தது அவளை.

மறுநாள் கேட்டேன். "முப்பது மிஸ்ஸு" என்றாள்.

முப்பது கவுண்ட். நல்ல விலைக்குப் போகிற எறா.

அதற்குப் பிறகு தினம் முப்பது. வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, ஒரு நாள் லீவு போடவில்லை. விடிகாலையில் வேலைக்குப் போய், பத்து மணிக்கு வகுப்புக்கு வருவாள். ஸ்டெப் நன்றாக வந்துவிட்டது. முடிந்ததும் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "இன்னா கன்னியம்மா, சுவத்துக்கு முட்டு குடுக்கிறியா" என்பேன். கை காட்டிச் சிரிப்பாள். பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவேன். பழகியது நான்தான்.

பிறகு நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு நாள். இருபத்தெட்டு முப்பது. ஓடுகிற வண்டியில் முள் அசையாமல் நிற்கிறது என்றால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. மீட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். டயர் கடைப் பையனைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பான். நான் மாடியில் இருந்தேன்.

அந்த நாள். மேலே சொன்ன ஆட்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஏதோ கல்யாணம். மூன்றாவது பாட்டு முடிந்தது. பதினைந்து நொடி. ஷமீம் இருபத்தேழு. லில்லி இருபத்தாறு. பெரியவள் இருபத்தொன்பது. சின்னவள் இருபத்தெட்டு.

"கன்னியம்மா?"

"முப்பது."

நோட்டைப் பார்த்தேன். முப்பது என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அவள் சொல்வதற்கு முன்பே என் கை எழுதிவிட்டது.

அப்போதாவது தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்த்தேன். அவள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்த உடனே உட்காரக் கூடாது, நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும் என்பது விதி. விதி சரியானதுதான். நான் அதைச் சொன்ன விதம் இது:

"கன்னியம்மா, பலகை ஏர்றதுக்கு. கச்சேரி கேக்கறதுக்கு இல்ல."

சிரிப்பு. அவள் எழுந்தாள். மிஸ் சொன்னால் எழுந்துவிடுவாள். பாதி எழுந்தாள், முட்டி மடங்கிக் கீழே போனாள். கை ஊன்றிக்கொண்டாள். சிரிப்பு அதற்குப் பிறகும் ஒரு நொடி ஓடியது. பிறகு நின்றது.

கிட்டே போனேன். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, வேர்வை. ஆனால் நான் பார்த்தது கழுத்தை. அவள் அசையாமல் இருந்தாள், தாலிக் கயிறு மட்டும் அசைந்தது. தொண்டைக் குழியில் கிடந்த கயிறு, எஞ்சின் மேல் வைத்த சாமான் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டைப் பிடித்தேன். விரலுக்குக் கீழே எண்ண முடியவில்லை. எண்ணுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

"கன்னியம்மா. நம்பரு இன்னா?"

"முப்பது மிஸ்ஸு."

"நெசமா."

கண்ணை மூடிக்கொண்டாள். "நாப்பத்தாறு. நாப்பத்தேழு. தெனம் அதான் மிஸ்ஸு. கொஞ்ச நேரம் நின்னா எறங்கிடும். இன்னிக்கு எறங்க மாட்டேன்னுது."

"ஏன் சொல்லல?"

"முப்பதுன்னா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

இதைச் சண்டை போடுகிற மாதிரி சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டும். இதற்குப் பிறகு வருவதுதான் வேலை. எல்லோரும் டாக்டர் ஆனார்கள்.

"கேஸ் ட்ரபிள்தான்" என்றாள் ஷமீம். "எங்க வூட்டுக்காரருக்கு இப்டித்தான். ஒரு சோடா குடுத்தா ஏப்பம் வந்து அடங்கிடும்."

"சுகர் இறங்கியிருக்கு" என்றாள் லில்லி. "குளுக்கோஸ் இருக்கு என் பையில. படுக்க வெச்சு வாயில கொட்டணும்."

"காலைல சாப்டிருக்க மாட்டா" என்றாள் பெரியவள்.

"சாப்ட்டதுதான் ஒத்துக்கல" என்றாள் சின்னவள்.

முதலாளி மேலே வந்துவிட்டார். மூச்சு வாங்க ஒரு நிமிஷம் ஆனது. கன்னியம்மாவைப் பார்த்தார். அவரும் டாக்டர். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீழ ரெண்டு லேடீஸ் சேர்றதுக்கு வந்து ஒக்காந்துகினு கீறாங்க. இப்பப் போயி பேஜார் பண்ணாத. அந்தாண்ட ரூம்ல படுக்க வையி. கொஞ்சம் தெளிஞ்சதும் நடத்தியே கூட்டிகினு போ. நடந்தா ரத்தம் ஓடும்."

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். சோடா என்று ஷமீம் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. கேஸ் என்றால் அது அவள் சாப்பிட்டதின் குற்றம். சுகர் என்றால் அவள் உடம்பின் குற்றம். அந்த ஹாலில் எல்லோரும் சொன்ன வியாதிகளில் எதை எடுத்தாலும் நான் தப்பித்துவிடலாம். நாற்பத்தைந்தை எடுத்தால் மட்டும்தான் மாட்டுவேன்.

ஆபத்து வரும்போது உங்களுக்கு வசதியான பதில் எது என்று முதலில் பாருங்கள். அதைக் கடைசியில் வையுங்கள். என்னிடம் பாடம் என்று கேட்டால் இதுதான். மற்றதெல்லாம் சர்டிபிகேட்டில் இருக்கிறது.

சோடா வேண்டாம் என்றேன். வாயில் எதுவும் கொட்டக் கூடாது என்றேன். லில்லிக்குக் கோபம். கன்னியம்மாவுக்கு எப்படி மூச்சு வருகிறதோ அப்படி உட்கார வைத்தோம், சுவரில் சாய்ந்து. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். வண்டி கிளம்பிவிட்டது என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து டிரைவரே கூப்பிட்டார்.

"எர்ணாவூர்ல கண்டெய்னரு லாரி ரெண்டு பக்கமும் நிக்குதும்மா. வந்துகினேகீறோம்."

வந்துகினேகீறோம் என்றால் என்ன என்று இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஹார்பருக்குப் போகிற லாரி வரிசை நகராமல் எதுவும் நகராது. இன்னொரு ஐந்து நிமிஷம் பார்த்தேன். கயிறு ஆடிக்கொண்டுதான் இருந்தது. கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். கூப்பிடுகிறாள் என்று குனிந்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

காத்திருப்பதா, கிளம்புவதா. காத்திருந்து ஏதாவது ஆனால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள், போன் போட்டாயே, போதும் என்பார்கள். கிளம்பி வழியில் ஏதாவது ஆனால் நீ ஏன் தூக்கினாய் என்பார்கள். டிரைவருக்கே போன் போட்டு எவ்வளவு நேரம் ஆகும், மறைக்காமல் சொல்லு என்றேன். அவர் நல்ல மனுஷர். "அரை மணி நேரம் ஆவும்மா. உள் ரோட்டுல ஆட்டோ போவும். நீங்க போங்க" என்றார். அவர் ஒருத்தர்தான் அன்றைக்குக் கேட்டவுடன் சரியான நம்பர் சொன்னவர்.

"நடத்தக் கூடாது" என்றேன். "ஒரு படி கூட அவ எறங்கக் கூடாது. நாற்காலி கொண்டாங்க."

"எதுக்கு இவ்ளோ சீனு" என்றார் முதலாளி. "கீழ உக்காந்துகினுகீறவங்க பாத்தா யாரு சேருவா? அவங்க போற வரிக்கும் பொறுக்கக் கூடாதா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, காதில் மைக் இருக்கிறது. அணைக்கவில்லை. முதலாளி என் முகத்துக்கு நேரே நின்று பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் மாடியில் இரண்டு, கீழே இரண்டு. அவர் வாங்கி மாட்டிய ஸ்பீக்கர்கள், நல்ல தரம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சேர வந்திருந்த இரண்டு பெண்களும் மேலே வந்துவிட்டார்கள். ஒருத்தி துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். "எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்றாள். முதலாளி சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

பிளாஸ்டிக் நாற்காலி. முன் காலை ஓரகத்திகள், பின் காலை ஷமீமும் நானும். புதிதாக வந்தவர்கள் இரண்டு பக்கமும் தாங்கினார்கள். லில்லி முன்னால் போய் ஆட்டோ பிடித்தாள்.

"தூக்கு" என்றாள் பெரியவள்.

"நீ மொதல்ல தூக்கு" என்றாள் சின்னவள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. அத்தோடு மறுபடியும் நிறுத்திவிட்டார்கள்.

இருபத்தோரு படி. தினம் ஆயிரம் முறை பலகை ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். அந்த இருபத்தோரு படியில் எங்கள் எல்லோருக்கும் தொடை நடுங்கியது.

ஆஸ்பத்திரியில் ஒயரை மாட்டினார்கள். மிஷின் ஓடியது. டாக்டர் சின்னப் பையன். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

நோட்டை எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. திறந்தேன். முப்பது, முப்பது, முப்பது. இருபத்தெட்டு வரி. அழகான கையெழுத்து. மூடினேன்.

"ஆறு வாரமா. சேந்த மூணாம் நாளு பதினஞ்சு நொடிக்கு நாப்பத்தஞ்சு."

"நீங்க எண்ணினீங்களா?"

"இல்ல. அவளே எண்ணுனா."

"பேஷன்ட் எண்ணுறது சில சமயம் தப்பா இருக்கும்."

"அவ எறா கம்பெனில கவுண்ட் பாக்கறவ சார். இருபது வருஷமா. அவ எண்ணுனா தப்பாது."

ஆறு வாரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்குத்தான் வாயில் வந்தது. அப்போது மைக் இல்லை.

டாக்டர் மிஷினைப் பார்த்தார். "நூத்தி எண்பத்தி நாலு" என்றார். "அவங்க கணக்கு சரிதான்."

ஊசி போட்டார்கள். ஒரு நொடி மிஷினில் கோடு படுத்தது. எனக்கும் எல்லாம் படுத்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக, எண்ணுகிற மாதிரி வந்தது. கன்னியம்மா கண்ணைத் திறந்து, "எறங்கிடுச்சு" என்றாள்.

உடம்பு பெருத்ததால் இல்லையாம். பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு கரண்டு ஒயர் கூடுதலாக ஓடுகிறதாம். வயரிங் கோளாறு என்று டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பி விட்டு அந்த ஒயரைச் சுட்டுவிடலாம், பிறகு படி ஏறலாம் என்றார். கன்னியம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான். "நாலு மாடியா சார்?" அவர் சிரித்தார். "நாலு மாடியும்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓடவிட்டு வகுப்பு எடுத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அவருக்கு முகத்தைச் சாத்திய கதவு மாதிரி வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

மறுநாள் வகுப்பு. மூன்றாவது பாட்டு முடிந்தது. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. மைக்கைக் கழற்றி வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணி, முதலில் என்னுடையதைச் சொன்னேன்.

"முப்பத்தாறு."

ஷமீம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்தாள். அவள் நிஜமாக எண்ணுவதை அன்றுதான் பார்த்தேன், உதடு அசைந்தது.

"முப்பத்தெட்டு மிஸ்ஸு."

லில்லி முப்பத்தேழு. பெரியவள் நாற்பது. சின்னவள் நாற்பத்தொன்று, பெரியவளை விட அதிகம் சொன்னது அன்றைக்குத்தான். ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் இதயம் வேகமாகிவிட்டது. முதலாளி நோட்டைப் பார்த்துவிட்டுப் பயந்தார். இத்தனை பேருக்கு இவ்வளவா, ஜிம்முக்குக் கெட்ட பேர் என்றார். போன வாரம் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் சார், அந்த நோட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அன்றிலிருந்து சத்தமாகச் சொல்லும் வழக்கத்தை எடுத்துவிட்டேன். துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நான் தனியாகப் படிப்பேன். அதிகமாக இருந்தால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நானே ஒரு முறை எண்ணுவேன், பிறகு டாக்டரிடம் அனுப்புவேன். இப்போது உங்கள் மாணவிகள் கையில் வாட்ச் கட்டி வருகிறார்கள், அதுவே நம்பர் சொல்லிவிடுகிறது. நல்லது. ஒருத்தி வாட்ச்சைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் யோசித்து வையுங்கள். திருப்பிக் கட்டுவாள். நீங்கள் ஒரு நாள் சிரித்தால் போதும்.

நக்கலை விட்டேனா என்று கேட்பீர்கள். இதைப் படித்தால் தெரியும். காலுக்கு நக்கல் உண்டு. நம்பருக்கு இல்லை.

சேர வந்த இரண்டு பெண்களும் அடுத்த மாதம் சேர்ந்தார்கள். முதலாளி அதைத் தன் சாமர்த்தியம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கன்னியம்மாவுக்குக் கம்பி விட்டுச் சுட்டார்கள். சில மாதம் கழித்து டாக்டர் சீட்டோடு வகுப்புக்குத் திரும்பி வந்தாள். கதவோரம் போனாள். முன் வரிசைக்கு வா என்றேன். ஷமீமின் இடத்தை நான் கொடுக்கவில்லை, அதற்குப் பக்கத்தில்தான். ஷமீம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

என் முட்டி போய்விட்டது. அதோடு வகுப்பும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கன்னியம்மா போன் போட்டாள். "பால் காச்சிட்டேன் மிஸ்ஸு. நீங்கதான் வரல. வந்து பாருங்க." லிப்ட் வேலை செய்கிறதா என்று கேட்டேன். "இன்னா மிஸ்ஸு, இத்த நீங்க கேக்கறீங்க" என்றாள்.

போனேன். கீழே வந்து நின்றாள். இடுப்பில் தண்ணீர்க் குடம். குழாய் கீழேதான். "வாங்க" என்று முன்னால் ஏறினாள். எழுபத்திரண்டு படி. நான் ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். பெயிண்ட் நல்லா இருக்கிறதே என்று பார்க்கிற மாதிரி நின்றேன். அவள் குடத்தோடு எனக்காகக் காத்திருந்தாள்.

நாலாவது மாடி. கதவில் அவள் பெயர், பெயிண்டில். எழுத்துப் பிழை இல்லை, பார்த்துவிட்டேன். குடத்தை இறக்கி வைத்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைக் காட்டினாள். சுவரில் ஒரு கடிகாரம், நொடி முள்ளோடு.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். எறா பிரிக்கிற விரல், சில்லென்று இருந்தது. முள்ளைப் பார்த்தாள். அவள் எண்ண, நானும் உள்ளே எண்ணினேன்.

"எவ்ளோ மிஸ்ஸு?" என்றாள்.

முப்பது என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"முப்பத்தொம்போது" என்றேன்.

"எனக்கும் அதான் வந்துச்சு" என்றாள். சிரிக்கவில்லை. தன் கையை என்னிடம் நீட்டினாள்.

இரண்டு விரலை வைத்தேன். முள் பன்னிரண்டுக்கு வரும் வரை காத்திருந்தேன். எண்ணினேன்.

இருபத்தி நாலு.